கரண்ட் வந்தது, நெட் வந்தது, போன் மட்டும் வரவில்லை

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மண்டபத்து மீன் கம்பெனிகள் பாதி உயிரோடுதான் இருக்கும். ஜூன் 15-க்கு அப்புறம் எல்லாம் ஒரே நாளில் முழித்துக்கொள்ளும். ஐஸ் லாரி, ஏலம், பெட்டி எடை, இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டிய வண்டி என்று யாருக்கும் நிற்க நேரம் இருக்காது. அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் கம்பெனி மேனேஜர் அழைத்தார். "தம்பி, கரண்ட் போயிட்டு வந்துச்சு, நெட்டும் வந்துருச்சு, யூடியூப் எல்லாம் ஓடுது, ஆபீஸ் போன் மட்டும் பேசவே மாட்டேங்குது. ஒரு மணி நேரமா கொச்சிக்காரங்க செல்லுல கூப்புட்டு சத்தம் போடுறாங்க."

"ரௌட்டரை அணைச்சுப் போடுங்கண்ணே" என்றேன். போட்டார், சரியாகிவிட்டது. ஆனால் அது அந்த மாதத்தில் மூன்றாவது தடவை. அணைத்துப் போட்டால் சரியாகிற எதுவும் சரியானதாக அர்த்தமில்லை, உள்ளே ஏதோ ஒன்று பழையதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்றுதான் அர்த்தம். அது என்ன என்று தேடிப் போனதில்தான் ரௌட்டரில் முகவரியை மாற்றிக் கொடுக்கிற இரண்டு வழிகளில் மாஸ்கரேட்டா எஸ்நாட்டா என்ற கேள்வியை நான் இத்தனை வருடம் தவறான இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது.

நான் பாம்பன்காரன். மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை பக்கம் நாலைந்து இடங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்து, பார்த்தும் கொள்கிறேன். எல்லாமே லினக்ஸ் ரௌட்டர்தான். சில இடத்தில் சின்ன கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு டெபியன், சில இடத்தில் ஓபன்டபிள்யூஆர்டி, இரண்டுமே லினக்ஸ் வகைகள். லைன் கொடுப்பவர்கள் தரும் பெட்டியிலேயே ஓட்டலாமே என்று கேட்பார்கள். இந்தக் கரையில் ஒரே ஒரு லைனை நம்பித் தொழில் நடத்த முடியாது, இரண்டாவது லைன் வேண்டும், முதல் லைன் விழுந்தால் தானாக மாற வேண்டும், அதற்கு அந்தப் பெட்டி பத்தாது. உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் கேபிள் முனையின் செம்பு ஊசிகள் பச்சைக் களிம்பு பூத்துவிடும். ஆடிக் காற்றில் போஸ்ட்டுக்குப் போஸ்ட் தொங்கும் ஃபைபர் ஊஞ்சல் ஆடும். ஐப்பசி கார்த்திகையில் மழை. லைன் போவதும் வருவதும் இங்கே அன்றாடம். நான் சொல்ல வந்ததெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் இந்த முகவரி மாற்று வேலை என்ன செய்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாம், தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். கம்பெனிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், போன், கேமரா எல்லாவற்றுக்கும் 192.168 என்று ஆரம்பிக்கும் உள்முகவரி, வெளியே போக ஒரே ஒரு வெளிமுகவரி. பத்துப் படகு மீனை ஒரு கம்பெனி வாங்குகிறது, பெட்டியில் கம்பெனி முத்திரைதான் இருக்கும், எந்தப் படகு மீன் என்பது கம்பெனியின் நோட்டில்தான் இருக்கும். கொச்சியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தால் நோட்டைப் பார்த்து எந்தப் படகு என்று கண்டுபிடிப்பார்கள். ரௌட்டரும் அப்படித்தான், போகிற பாக்கெட்டின் (நெட்டில் போகிற ஒவ்வொரு தகவல் துண்டும் ஒரு பாக்கெட்) அனுப்புநர் இடத்தில் தன் வெளிமுகவரியைக் குத்தி, எந்தப் போர்ட் (இணைப்பை அடையாளம் காட்டுகிற எண்) யாருடையது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் அந்த நோட்டுக்குக் கான்ட்ராக் என்று பெயர். 1994-இல் இந்த முறை இணையத்தின் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 1631 என்ற எண்ணில் வந்தபோது, முகவரித் தட்டுப்பாட்டுக்கு ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் அதைச் சொன்னார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் இதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.2 பதிப்புக் காலம் வரைக்கும் இதற்கெல்லாம் பொதுப் பெயரே மாஸ்கரேடிங்தான். 2001 ஜனவரியில் 2.4 கர்னலோடு ஐபிடேபிள்ஸ் என்ற விதி எழுதும் கருவி வந்தபோதுதான் எஸ்நாட், மாஸ்கரேட் என்று இரண்டாகப் பிரிந்தது. எஸ்நாட்டில் எந்த வெளிமுகவரியைக் குத்த வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். மாஸ்கரேட்டில் எதுவும் எழுத வேண்டியதில்லை, பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் வாசல்) வழியாக வெளியே போகிறதோ அந்த இன்டர்ஃபேஸில் அந்த நேரம் என்ன முகவரி இருக்கிறதோ அதை எடுத்துக் குத்திவிடும். நிலையான முகவரி இருந்தால் எஸ்நாட், மாறுகிற முகவரி என்றால் மாஸ்கரேட் என்று கையேட்டுப் பக்கமும் சொல்கிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், எஸ்நாட் வேகம், மாஸ்கரேட் ஒவ்வொரு தடவையும் முகவரியைத் தேட வேண்டியிருப்பதால் மெதுவு. நானும் இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் நாட் (முகவரி மாற்று) விதிகளை கர்னல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பார்ப்பதில்லை. ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் பார்க்கிறது. அப்போது எடுத்த முடிவு கான்ட்ராக் நோட்டில் ஏறிவிடும், அதற்குப் பின் வரும் லட்சம் பாக்கெட்டும் நோட்டைப் பார்த்தே போய்விடும். அப்படியானால் மாஸ்கரேட் கூடுதலாகச் செய்கிற வேலை ஓர் இணைப்புக்கு ஒரு தடவைதான். 100 எம்பி லைனில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீஸில் அந்த வித்தியாசத்தை யாராலும் உணர முடியாது.

விதி முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்ற இந்த ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேனேஜருடைய போன் செத்துப்போன காரணம் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஃபைபர் லைனில் பிபிபிஓஈ என்ற இணைப்பு முறை, ஒவ்வொரு தடவை இணையும்போதும் முகவரி மாறும். வேகம் என்று நம்பிக்கொண்டு நான் அங்கே எஸ்நாட் போட்டிருந்தேன். முகவரி மாறினால் விதியையும் மாற்றி எழுதுகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அது ஒழுங்காக வேலையும் செய்தது. கரண்ட் போகும், லைன் பெட்டி அணையும், ரௌட்டர் மட்டும் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கும். கரண்ட் வந்ததும் லைன் புது முகவரியோடு வரும், ஸ்கிரிப்ட் விதியை மாற்றும். புதிதாகத் திறக்கிற எல்லா இணைப்பும் புது விதிப்படி போகும், அதனால்தான் யூடியூப் ஓடியது. ஆனால் ஐபி போன் புது இணைப்பு எதையும் திறப்பதில்லை. அது யுடிபி, அதாவது கைகுலுக்கல் இல்லாமல் நேரே பாக்கெட் அனுப்புகிற முறை, ஒரே போர்ட்டிலிருந்து ஒரே சர்வருக்கு 20 விநாடிக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று ஒரு சின்ன பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கும். கான்ட்ராக் நோட்டில் அந்த இணைப்புக்குப் பழைய முகவரி எழுதியிருக்கிறது. நோட்டில் இருப்பதால் விதியைப் பார்க்கத் தேவையில்லை, பழைய முகவரியைக் குத்தி அனுப்புகிறது. லைன்காரர்கள் பக்கம் அந்த முகவரி இப்போது நம்முடையதில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள், போடாவிட்டாலும் பதில் வேறு யார் வீட்டுக்கோ போகும். யுடிபி பதிவு 30 விநாடி சும்மா கிடந்தால் தானாக அழிந்துவிடும், இரண்டு பக்கமும் பேசிப் பழகிய இணைப்பென்றால் இப்போதைய கர்னல்களில் 120 விநாடி. ஆனால் போன்தான் 20 விநாடிக்கு ஒரு தடவை தட்டுகிறதே, ஒவ்வொரு தட்டும் அந்தக் கெடுவைப் புதுப்பிக்கிறது. தப்பான பதிவு சாகவே சாகாது. ஒரு மணி நேரமில்லை, விட்டிருந்தால் ஒரு வாரம்கூட அப்படியே கிடந்திருக்கும்.

வயர்கார்டு சுரங்கத்துக்கு (இரண்டு இடங்களை நெட் வழியே மறையாக்கி இணைக்கும் பாதை) 25 விநாடி கீப்அலைவ், அதாவது அதே "இருக்கிறேன்" தட்டு, வைத்திருப்பவர்கள் இதையே வேறு முகத்தில் பார்த்திருப்பீர்கள். நெட் இருக்கும், சுரங்கம் மட்டும் எழுந்திருக்காது.

மாஸ்கரேட் இந்த இடத்தில்தான் வேறு ஆள். இன்டர்ஃபேஸ் இறங்கினாலோ, அதிலிருந்த முகவரி நீக்கப்பட்டாலோ, அதை நம்பியிருந்த மாஸ்கரேட் பதிவுகளை நோட்டிலிருந்து கர்னலே கிழித்துப் போட்டுவிடும். லைன் திரும்ப வந்ததும் போன் தட்டுகிற முதல் தட்டு புது இணைப்பாகக் கணக்காகும், விதி பார்க்கப்படும், புது முகவரி குத்தப்படும், போன் பேசும். ஸ்கிரிப்ட்டே வேண்டாம். மண்டபத்தில் அந்த ஒரு விதியை மாஸ்கரேட்டாக மாற்றி ஸ்கிரிப்ட்டைத் தூக்கிப் போட்டேன், அத்தோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

எஸ்நாட் அப்படிக் கிழிக்காது, பதிவை வைத்துக்கொண்டு காத்திருக்கும். லைன் திரும்பி வரும்போது அதே முகவரி வருமானால் இந்தக் காத்திருப்பு பெரிய வரம். தொலைவில் இருக்கும் சர்வரில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், லைன் ஒரு நிமிடம் போய்விட்டு வருகிறது, டிசிபி, அதாவது போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்புகிற முறை, இரண்டு பக்கமும் மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருக்கும் (லினக்ஸில் விட்டுக்கொடுக்க ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும்), நடுவில் உள்ள நோட்டும் அழியாமல் இருந்தால் பாதியில் நின்ற பில் அங்கிருந்தே தொடரும். ஆகவே லைன் செத்துப் பிழைத்து வரும்போது முகவரி அதேதானா, வேறா என்பதுதான் தேர்வை முடிவு செய்ய வேண்டும். வேகத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

இதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது, தேடிப் பார்க்க எனக்கு ஒரு நாள் போயிற்று. கேபிளைப் பிடுங்கினால் மாஸ்கரேட் பதிவுகள் உடனே அழியுமா? கேபிள் பிடுங்குவது மட்டும் இன்டர்ஃபேஸை இறக்குவதாகக் கணக்கில்லை. கேபிள் போனதைப் பார்த்து முகவரியை நீக்குகிற நிரல் ஏதாவது மேலே ஓடிக்கொண்டிருந்தால், அது நீக்கும்போதுதான் அழியும். கையால் முகவரி எழுதி வைத்த பழைய முறை டெபியனில் கேபிள் போனாலும் முகவரி அப்படியே நிற்கும், பதிவுகளும் நிற்கும். ஆகவே "மாஸ்கரேட் போட்டிருக்கிறேன், எல்லாம் தானாகத் துடைத்துக்கொள்ளும்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், உங்கள் பெட்டியில் ஒரு தடவை கேபிளைப் பிடுங்கி கான்ட்ராக் பட்டியலைப் பாருங்கள். பட்டியலைக் காட்டுகிற, பதிவை அழிக்கிற கருவியின் பெயரும் கான்ட்ராக்தான். டெபியனில் தானாக வராது, தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: மாஸ்கரேட் பதிவை அழித்த பின் அதே முகவரி திரும்ப வந்தால் பில் தொடராதா என்று கேட்டால், சில நேரம் தொடரும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் முதலில் பேசினால் கர்னல் நடுவிலிருந்தே இணைப்பை எடுத்துக்கொள்ளும், முடிந்தவரை அதே போர்ட்டையும் கொடுக்கும். சர்வர் முதலில் பேசிவிட்டால் அந்த பாக்கெட் யாருக்கு என்று ரௌட்டருக்குத் தெரியாது, "இப்படி ஓர் இணைப்பே இல்லை" என்று ரீசெட் அனுப்பி அறுத்துவிடக்கூடும். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம். தொழிலில் அதை நம்பி உட்கார முடியாது.

சரி, இரண்டு லைன் கதைக்கு வருகிறேன். அந்த வருடக் கடைசியில் கம்பெனி நிலையான முகவரி வாங்கியது, பெட்டிக் கணக்கை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. ஃபைபரில் நிலையான முகவரி, துணைக்கு 4ஜி டாங்கிள். ஃபைபர் வழியாகப் போவதற்கு எஸ்நாட், 4ஜி வழியாகப் போவதற்கு மாஸ்கரேட் என்று இரண்டு விதி, இரண்டுமே வெளியேறும் இன்டர்ஃபேஸ் பெயரைச் சொல்லி. ஃபைபர் விழுந்து 4ஜிக்கு மாறும்போது எஸ்நாட் பதிவுகள் பழைய முகவரியோடு 4ஜி வழியாகப் போகப் பார்க்கும், போன் மறுபடியும் அதே குழியில் விழும். ஆகவே அவற்றை அழிக்க வேண்டும். ஆனால் எப்போது? உடனே அழித்தால் எஸ்நாட்டின் வரமே போய்விடும், அழிக்காவிட்டால் போன் சாகும். நான் 60 விநாடி என்று வைத்திருக்கிறேன். ஃபைபர் விழுந்து 60 விநாடிக்குள் திரும்பிவிட்டால் எதையும் தொடுவதில்லை. தாண்டினால், நிலையான முகவரியைச் சுமக்கும் பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கிற ஒரு வரி ஓடும், அதற்குப் பின் போன் 4ஜியில் பதிவாகிக்கொள்ளும். ஃபைபர் திரும்பும்போது எதிர்ப்பக்கம் எந்தக் கவலையும் இல்லை. 4ஜியில் மாஸ்கரேட் ஆன இணைப்பு இப்போது வேறு இன்டர்ஃபேஸ் வழியாகப் போகிறது என்பதைக் கர்னலே கவனித்துப் பதிவைக் கொன்றுவிடும். பல வருடங்களாகவே கர்னலில் இருக்கிற வசதி இது, எஸ்நாட்டுக்குக் கிடையாது.

அந்த 60-ஐ எங்கேயும் படித்து எடுக்கவில்லை. மண்டபத்தில் மூன்று மாதம் லைன் விழுந்த நேரங்களை எழுதி வைத்துப் பார்த்தேன். ஒன்று அரை நிமிடத்துக்குள் திரும்பும், இல்லாவிட்டால் பத்து நிமிடம் தாண்டும், நடுவில் மிகக் குறைவு. உங்கள் ஊரில் வேறு கணக்காக இருக்கலாம், எழுதிப் பாருங்கள்.

ராமேஸ்வரத்தில் மச்சான் நடத்துகிற லாட்ஜில் நடந்தது வேறு கதை, ஆனால் அதுவும் மாஸ்கரேட்டில்தான் வந்து முடிகிறது. அங்கே கேமரா ரெக்கார்டரை வெளியிலிருந்து பார்க்க ஒரு போர்ட் திறந்திருந்தது. லாட்ஜுக்குள் இருக்கும்போதும் வெளிமுகவரியிலேயே பார்க்க வேண்டும் என்றார் மச்சான். உள்ளிருந்து கிளம்பி ரௌட்டரில் மோதி உள்ளேயே திரும்புகிற அந்த வேலைக்கு ஹேர்பின் என்று பெயர், அதற்கு உள்பக்கமும் ஒரு முகவரி மாற்று வேண்டும். நான் அவசரத்தில், வெளியேறும் இன்டர்ஃபேஸ் பெயரே சொல்லாமல் பொத்தாம்பொதுவாக ஒரு மாஸ்கரேட் விதியைப் போட்டேன். வேலை செய்தது. ஆனால் அதற்குப் பின் வெளியிலிருந்து ரெக்கார்டருக்கு வருகிற ஒவ்வொருவரும் ரௌட்டரின் உள்முகவரியோடு வர ஆரம்பித்தார்கள், 192.168.20.1 என்று. ஒரு வாரம் கழித்து யாரோ கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரெக்கார்டர் பத்துத் தவறு கண்டதும் அந்த முகவரியைப் பூட்டியது, அதாவது ரௌட்டரையே பூட்டியது, மச்சானால் எங்கிருந்தும் கேமராவைப் பார்க்க முடியவில்லை. பதிவேட்டைத் திறந்தால் எல்லா வரியிலும் அதே 192.168.20.1. யார் வந்தார்கள் என்ற தடயமே இல்லை.

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. யாத்திரிகர்கள் தங்குகிற இடம், கேமராவை யார் பார்த்தார்கள் என்பது தெரியாமல் போவது சின்ன விஷயமில்லை. அன்றைக்கே வெளிப்போர்ட்டை மூடிவிட்டு, வயர்கார்டு வழியாக மட்டும் பார்க்கிற மாதிரி மாற்றினேன். எங்காவது ஹேர்பின் தேவைப்பட்டால் விதியில் அனுப்புநரும் உள்நெட்வொர்க், பெறுநரும் உள்நெட்வொர்க் என்று இரண்டு பக்கமும் கட்டிவிட்டுத்தான் இப்போது போடுகிறேன்.

அதே லாட்ஜில் ஆடி அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், லாட்ஜில் ஓர் அறைக்கு ஆறு ஏழு பேர், ஆளுக்கொரு போன். மத்தியானத்துக்குள் நெட் திக்கித் திணறியது. புதுப் பக்கம் திறக்காது, ஏற்கெனவே ஓடுகிற வீடியோ மட்டும் ஓடும். கர்னல் பதிவேட்டில் கான்ட்ராக் அட்டவணை நிரம்பிவிட்டது, பாக்கெட்டைக் கைவிடுகிறேன் என்று வரிசையாக வரிகள். அந்தப் பெட்டியில் உச்சவரம்பு 16,384. வரம்பை 65,536 ஆக்கினேன். ஒரு பதிவுக்குச் சில நூறு பைட்தான், மொத்தம் நிரம்பினாலும் 20 எம்பி சுற்றித்தான் வரும், பெட்டி தாங்கும். ஆனால் உண்மையான காரணம் வேறு. நிறுவப்பட்ட டிசிபி இணைப்பு ஒன்று முறையாக மூடப்படாவிட்டால் கர்னல் அதை 4,32,000 விநாடி வைத்திருக்கும், ஐந்து முழு நாள். தர்ப்பணம் கொடுத்துவிட்டு அன்று மாலையே ரயிலேறிப் போனவரின் போன் திறந்த இணைப்புகள் ஐந்து நாள் நோட்டில் கிடக்கும். அதை 7,440 விநாடியாகக் குறைத்தேன், இரண்டு மணி நான்கு நிமிடம். 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5382 இதற்குக் கீழே போகாதே என்று சொல்கிற எல்லை அது, டிசிபியின் வழக்கமான கீப்அலைவ் இரண்டு மணி நேரம் என்பதால். அடுத்து வந்த தை அமாவாசைக்குப் பதிவுகளின் எண்ணிக்கை 20,000-ஐத் தொடவில்லை.

கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், ராமநாதபுரத்தில் கிளை. இரண்டு கடையையும் சுரங்கம் போட்டு இணைக்கச் சொன்னார். போய்ப் பார்த்தால் இரண்டு கடையிலும் ஒரே முகவரி வரிசை, 192.168.1.0/24. இங்கேயும் 192.168.1.25-இல் பில் பிரிண்டர், அங்கேயும் அதே எண்ணில் ஒரு பிரிண்டர். நேர்மையான வழி ஒரு கடையின் எண்களை முழுக்க மாற்றுவதுதான், அதைத்தான் முதலில் சொன்னேன். "தம்பி, ரமலான் வரப்போகுது, பில்லிங் ஆள் மெட்ராஸ்லேர்ந்து வந்து எல்லாத்தையும் மாத்தணும், இப்ப வேணாம்" என்றார் காக்கா. எஸ்நாட்டோ மாஸ்கரேட்டோ இங்கே உதவாது, எல்லாரையும் ஒரே முகத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டால் அங்கிருந்து இந்தப் பக்கத்துப் பிரிண்டரைக் குறிப்பிட்டுக் கூப்பிட முடியாது. இதற்கென்றே நெட்மேப் இருக்கிறது, ஒரு முழு வரிசையை இன்னொரு வரிசையாக ஒன்றுக்கு ஒன்று மாற்றும், கடைசி எண் மாறாது. கீழக்கரையை வெளியே 10.61.1.0/24 என்றும் ராமநாதபுரத்தை 10.61.2.0/24 என்றும் காட்டினேன். கீழக்கரைப் பிரிண்டரை அங்கிருந்து கூப்பிட 10.61.1.25. இரண்டு ரௌட்டரிலும் சுரங்கத்துக்குள் போகும்போது ஒரு விதி, சுரங்கத்திலிருந்து வரும்போது ஒரு விதி, அவ்வளவுதான். பெருநாள் முடிந்த பிறகும் இரண்டு கடையும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்களை மாற்றுவோம் என்று காக்காவிடம் நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதையெல்லாம் யோசிப்பதற்கு முன்னால் உங்கள் ரௌட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்த முகவரியை ஒரு தடவை பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால் அது உங்களுடைய வெளிமுகவரியே இல்லை. லைன்காரர்கள் தங்கள் பக்கம் இன்னொரு முகவரி மாற்று வைத்திருக்கிறார்கள், அதற்காகவே 2012-இல் ஒதுக்கிய வரிசை அது, ஏறக்குறைய 42 லட்சம் முகவரி. 4ஜியில் இது சாதாரணம், ஃபைபரிலும் இப்போது பார்க்கிறேன். வெளியே போக ஒரு தடையும் இல்லை, மாஸ்கரேட் போட்டால் போதும். ஆனால் உள்ளே வர எத்தனை போர்ட் திறந்தாலும் பிரயோஜனமில்லை. கேமரா வெளியிலிருந்து தெரியவில்லை என்று இரண்டு இரவு விதியை மாற்றி மாற்றி எழுதியவர்களை எனக்குத் தெரியும், நல்ல உழைப்பு வீணாகிப் போனதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. வெளிமுகவரி உள்ள ஒரு சின்ன வாடகை சர்வருக்கு உள்ளிருந்து வயர்கார்டு சுரங்கம் போட்டு அங்கிருந்து வருவதுதான் நான் செய்கிற வழி.

நிலையான முகவரி ஒன்றுக்கு மேல் வாங்கியவர்களுக்கு எஸ்நாட் இன்னொரு விதத்திலும் தேவை. மாஸ்கரேட் எந்த முகவரியை எடுக்கும் என்பது கர்னலின் தேர்வு, பெரும்பாலும் அந்த இன்டர்ஃபேஸின் முதல் முகவரி. ஆபீஸ் மெயில் ஒரு முகவரியிலிருந்தும், வந்து போகிறவர்கள் பிடிக்கிற வைஃபை இன்னொரு முகவரியிலிருந்தும் போகட்டும் என்று பிரிக்க எஸ்நாட்டால்தான் முடியும். யாரோ ஒருவர் போனில் இருக்கிற வைரஸ் ஸ்பாம் அனுப்பி ஆபீஸ் முகவரி தடைப்பட்டியலில் ஏறுவதை இது தடுக்கும். பிபிபிஓஈ வைத்திருப்பவர்கள் எம்எஸ்எஸ் அளவை (ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏறும் தகவலின் உச்ச அளவு) பாதைக்கு ஏற்ப வெட்டுகிற விதியையும் மறக்காதீர்கள், அங்கே பாக்கெட் அளவு 1500 இல்லை, 1492. சில தளம் மட்டும் பாதி திறந்து நிற்பதற்கு நாட் விதியைக் குறை சொல்லிப் பயனில்லை, பெரும்பாலும் இதுதான் காரணம்.

புதிதாக விதி எழுதுபவர்கள் ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸிலேயே எழுதுங்கள். 2014-இல் 3.13 கர்னலோடு வந்தது, டெபியன் 10-இலிருந்து ஐபிடேபிள்ஸ் கட்டளையே உள்ளுக்குள் அதைத்தான் பயன்படுத்துகிறது, ஓபன்டபிள்யூஆர்டியும் 22.03 பதிப்பில் அதற்கு மாறிவிட்டது. எஸ்நாட், மாஸ்கரேட் இரண்டின் குணமும் அங்கேயும் இதேதான், கான்ட்ராக் அதே கான்ட்ராக்.

போன வாரம் மண்டபத்தில் இருந்தேன், கேபிள் முனைகளைக் களிம்பு சுரண்டி மாற்றுவதற்காக. மேனேஜர் கொச்சியோடு பேசிக்கொண்டிருந்தார், இறால் எண்ணிக்கை விஷயமாக ஏதோ விலை இழுபறி. நடுவில் கரண்ட் கண் சிமிட்டியது, லைன் பெட்டியின் விளக்குகள் அணைந்து மறுபடி ஒவ்வொன்றாக ஏறின. அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டி இருங்கள் என்றேன். இருபது விநாடி இருக்கும். "ஆங், கேக்குது, சொல்லுங்க, கிலோவுக்கு நாப்பதா அம்பதா?" என்று விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்.